திருப்பித் தரவேண்டிய ஐந்து பாஸ்

உப்பளத்துச் சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் செருப்பை அங்கேயே விட்டுவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. போனால் மேஸ்திரி இன்னும் ஒரு வாரம் இருக்கச் சொல்வார், நானும் இருந்துவிடுவேன். ஐந்து மாதம் உப்பு வாரியதில் குதிகால் இரண்டும் வெடித்திருந்தன. தார் ரோட்டின் சூடு அந்த வெடிப்புக்குள் இறங்கியது. வேலையை விட்டதற்குச் சண்டை ஒன்றும் காரணமில்லை. எட்டாம் வகுப்பை விட்டதிலிருந்து எந்த இடத்திலும் எனக்கு ஐந்து மாதத்துக்கு மேல் இருப்புக் கொண்டதில்லை.

ஊருக்குள் முதலில் கிடைத்த நிழல் ஒரு கிளை நூலகம். மீன் இறக்கும் கரைக்குப் போகிற தெருவில் இருந்தது. உள்ளே மின்விசிறி ஓடியது, மூலையில் தண்ணீர்ப் பானை இருந்தது. நூலகர் அம்மா என் காலைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பெஞ்சைக் காட்டினார். இன்னொரு பெஞ்சில் ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் பேப்பரை மடிக்காமல் முழுதாக விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

நான் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. நூலகர் "சரி சார், சரி சார்" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

"நாளைக்குக் காலைல ஆள் வந்து பாஸை எல்லாம் எடுத்துட்டுப் போறாங்களாம் அண்ணாச்சி. மூணு மாசமா ஒண்ணுகூட வெளிய போகல, வேற ஊரு நூலகத்துக்குக் குடுக்கப் போறாங்களாம்."

"இங்கன உள்ளவனுக்கு அதெல்லாம் எதுக்கும்மா?" என்றார் அண்ணாச்சி, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேஜைமேல் ஐந்து பிளாஸ்டிக் பாஸ் இருந்தன. என்னவென்று கேட்டேன். புத்தகம் எடுக்கிற மாதிரி இதையும் எடுத்துப் போகலாமாம். ஒரு பாஸைக் காட்டினால் ஒரு குடும்பம் மொத்தமும் டிக்கெட் இல்லாமல் நகரப் பூங்காவுக்குள் போகலாம், பழைய கோட்டைக்குள் போகலாம், ஆற்றங்கரையில் மண்ணைத் தோண்டிக் கண்டெடுத்ததை வைத்திருக்கிற காட்சிக்கூடத்துக்கும் போகலாம். இந்தத் திட்டத்தை இந்தக் கிளைக்குக் கேட்டு வாங்கியதே நூலகர்தான். ஒரு வருஷம் எழுதி எழுதி வாங்கியிருக்கிறார்.

"போர்டு வைக்கலையா மேடம்?"

"வச்சிருக்கேனே." அகராதி அலமாரிக்குப் பக்கத்தில் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. உள்ளே வந்து, அகராதியும் தேடுகிறவன்தான் அதைப் பார்க்க முடியும்.

அந்த ஆற்றங்கரையில் நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு கோடை முழுக்க மண் சுமந்தேன். இடுப்பு உயரத்துக்கு முதுமக்கள் தாழி வந்தது. கூடை கூடையாக அறுத்த சங்குத் துண்டு வந்தது. காட்சிக்கூடம் திறந்தபோது நான் வேறெங்கோ வாழைத்தார் லாரியில் இருந்தேன். சுமந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்த்ததில்லை.

"ஒரு பாஸைக் குடுங்க மேடம். கரைக்குப் போயி சொல்லிப் பாக்குறேன்."

அவர் யோசித்தார். முகவரி இல்லாத ஆளிடம் அரசாங்கச் சாமான். பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஏழரைக்குப் பூட்டுவேன். ரேஷன் கார்டோட வந்து கையெழுத்துப் போடணும், செவ்வாய்க்கிழமைக்குள்ள திருப்பித் தரணும்னு சொல்லுங்க."

கரையில் வள்ளங்கள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. நான் கொட்டகை ஓரத்தில் நின்று பாஸைத் தூக்கிப் பிடித்து, "இலவசம்! குடும்பத்தோட இலவசம்!" என்று கத்தினேன்.

"எந்தக் கட்சிலே?" என்றான் ஒருவன்.

"கட்சி இல்ல, நூலகம்."

"இப்படித்தான் சொல்லுவான். அப்புறம் ஆதார் நம்பர் கேப்பான்." பாஸைக் கையில் வாங்கினவன் சுட்டதுபோலத் திருப்பிக் கொடுத்தான்.

ஏலக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தொண்டை கட்டி, குரல் காற்றாகத்தான் வந்தது. "ஏலே, ஓசின்னு கூவியும் ஒருத்தனும் வாங்கலன்னா, நீ எப்பேர்ப்பட்ட யாவாரிலே!"

வெட்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை. மீன் வாங்க நின்ற பெண்கள் பக்கம் போய், தோண்டின இடத்தைப் பற்றிச் சொன்னேன். அறுத்த சங்கு கிடக்கும், எலும்புக்கூடு இருக்கும் என்றேன்.

"எங்க வீட்டுக் கட்டில்லயே ஒண்ணு கெடக்கு, வந்து பாத்துட்டுப் போ," என்றாள் ஒருத்தி. கொட்டகையே சிரித்தது.

சிரிக்காமல் நின்ற ஒரு அக்கா மட்டும் பாஸை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கம் தேதி எழுதக் கட்டம் கட்டமாக இருந்தது. "இது என்ன?"

"திருப்பித் தரவேண்டிய தேதிக்கா. இன்னைக்கு எடுத்தா செவ்வாய்க்கிழமைக்குள்ள தரணும்."

"திருப்பி வாங்கிருவாங்களா?"

"ஆமா. நீங்க தந்தாத்தான் அடுத்த குடும்பம் போக முடியும்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஏளா, இது நெசந்தான்டி! ஓட்டுக்குக் குடுக்கவன் எவன் திருப்பிக் கேக்கான்?" பிறகு என்னிடம், "சங்கு அறுத்தது கெடக்குன்னு சொன்னியே, கண்ணால பாத்தியா? எங்க வீட்டு ஆளு சங்கு குளிக்காரு."

"நான் சுமந்து கொட்டியிருக்கேன்கா. வாளால அறுத்த தடம் அப்படியே இருக்கும்."

அவ்வளவு நேரம் தப்பாகக் கூவியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் பெட்டிமேல் ஏறினேன். "அஞ்சே பாஸ்! செவ்வாய்க்கிழமைக்குள்ள திருப்பித் தரணும்! தர முடியாதவங்க வரவேண்டாம்! ரேஷன் கார்டு இல்லாம வரவேண்டாம்! நாளைக்குக் காலைல வேற ஊருக்குப் போயிரும்!" இலவசம் என்ற சொல்லை வாயில் எடுக்கவே இல்லை. கத்திக் கத்தி நெஞ்சு எரிந்தது. ஏலக்காரர் ஏலம் கூறுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு நூலக வாசலில் மீன் சட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே ஆறேழு பெண்கள். அவர்களில் யாரும் அதுவரை அந்தப் படி ஏறியதில்லை. பேப்பர் படிக்கிற அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நூலகர் மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு, "உக்காருங்க, உக்காருங்க, எல்லாரும் உறுப்பினராகிடலாம்," என்றார். படிவம் எழுத அவர் கை போதவில்லை. நானும் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டி, தெருப் பெயர்களை நிரப்பினேன்.

முதல் பாஸ் சங்கு குளிக்கிறவர் வீட்டுக்குப் போனது. கட்டிலில் எலும்புக்கூடு வைத்திருந்தவளும் ஒன்று எடுத்தாள். "அவரையும் கூட்டிட்டுப் போறேன். எது நல்லாருக்குன்னு பாப்போம்." ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு லோடு வேன் பிடித்து எல்லாரும் சேர்ந்தே போவதென்று அங்கேயே பேசி முடித்தார்கள். நான்கு பாஸ் போய்விட்டது. ஐந்தாவதைக் கேட்டு இரண்டு பெண்கள் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கும்போது ஏலக்காரர் மூச்சு வாங்க வந்து, ரேஷன் கார்டை மேஜைமேல் வைத்தார். "எம் பொஞ்சாதி திட்டுதா. ஊரே போகுதாம், நான் மட்டும் வாங்கலையாம்." பெண்கள் விட்டுக் கொடுக்கவில்லை. நூலகர் முதலில் வந்த பெண்ணுக்கே கொடுத்தார். மற்றவள் பெயரையும் அதற்குக் கீழே ஏலக்காரர் பெயரையும் ஒரு புதுத் தாளில், அடுத்த வாரத்துக்கு, எழுதினார்.

மூக்கிலிருந்து துண்டை எடுத்துவிட்டு அண்ணாச்சி மெதுவாக எழுந்து வந்தார். "எம் பேரையும் எழுதிக்கிடும்மா."

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்றார் நூலகர். அன்றைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அதற்குள் கரையிலிருந்து இன்னும் ஐந்து பேர் வந்து பெயர் கொடுத்திருந்ததால், அண்ணாச்சி பெயர் எட்டாவதாக விழுந்தது.

வெளியே ஏலக்காரர் எனக்காக நின்றிருந்தார். "தொண்டை சரியாக எனக்கு ஒரு மாசம் ஆகும்னுட்டான் டாக்டரு. காலைல அஞ்சு மணிக்குக் கொட்டகைக்கு வந்துரு."

போனேன். சாளை, ஊளி, பாறை என்று மீன் பெயரையும் விலையையும் அவர் காதோரம் காற்றுக் குரலில் சொல்லச் சொல்ல, நான் கரை முழுக்கக் கேட்கக் கூவினேன். பாஸை எடுத்துப் போக வந்த ஆள் வெறும் மேஜையையும் நிறைந்த பதிவேட்டையும் பார்த்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினாராம். அந்த நேரத்தில் நான் கொட்டகையில் கடைசிக் கூடையைக் கூவிக்கொண்டிருந்தேன்.