விசிலுக்குத் திறந்த கை

செம்பட்டியில் என் மச்சான் வைத்திருக்கும் கறிக்கோழிக் கடையின் முன்னால், நிழலுக்காக ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கிறது. அதை இழுத்துப் பிடித்திருப்பது பழைய லாரிக் கயிறு. அதன் கீழ்ப்பாதி முறுக்கெல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருக்கும். மேல்பாதி இன்னும் சொரசொரப்புதான். கயிறு ஏன் இப்படிப் பாதி மட்டும் தேய்ந்திருக்கிறது என்று கடைக்கு வருகிறவர்கள் யாரும் கேட்டதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

மச்சான் என்றால் அத்தை மகன், என்னைவிட சில வயது மூத்தவர். தொண்ணூறுகளில் ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் ஊர்க் கபடி அணியில் இடது கார்னர் அவர்தான். ஓடச் சொன்னால் நடுத்தரமாக ஓடுவார், தாண்டச் சொன்னால் சுமாராகத் தாண்டுவார். ஆனால் கபடி பாடி வருகிறவனின் கரண்டைக்கால் அவர் பக்கம் நீண்டுவிட்டால் அவ்வளவுதான். குனிந்துகூடப் பார்க்கமாட்டார். பார்வை எதிராளியின் முகத்திலேயே இருக்கும், கை மட்டும் தனியாகப் போய்க் காலைப் பிடித்துவிடும். பிடித்தால் விசில் ஊதும் வரை விடமாட்டார். ஒருமுறை பிடிபட்டவன் மறுகாலால் உதைத்து மூக்கில் ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை. விசில் கேட்டதும்தான் கை திறந்தது.

நான் அந்த அணியில் ஆள் குறைந்தால் மட்டும் இறங்குகிறவன். எதிராளி எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று எனக்குப் புரிவதற்குள் அவன் கோட்டைத் தொட்டிருப்பான். பத்தாவதில் தவறி, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, லாரியில் கிளீனராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு வந்தது ஒன்றே ஒன்று. மரமோ, லோடோ, கயிறோ, எதுவானாலும் பல்லி மாதிரி ஏறிவிடுவேன். யாரும் கற்றுத்தரவில்லை, பழகியதாகவும் ஞாபகம் இல்லை.

மச்சான் அப்போது திண்டுக்கல் ரோட்டில் ஒரு பஞ்சு மில்லில் ஷிப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். பஞ்சுத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்தால் வாசலில் உட்கார்ந்து இழுத்து இழுத்து மூச்சு விடுவார். போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள், பத்தாவது முடித்திருந்தால் போதும் என்று சேதி வந்தபோது, வயது வரம்புப்படி அவருக்கு அதுதான் கடைசி வருடம். கிடைத்தால் காக்கிச் சட்டை, இல்லாவிட்டால் மூச்சு இருக்கும் வரை மில். உடல் தேர்வில் ஓட்டத்தையும் தாண்டுதலையும் சமாளித்துவிடலாம், கயிறேற்றம்தான் பயமாக இருந்தது. வண்டியில் கழித்துப்போட்ட கயிற்றை நான் கொண்டுவந்து குளத்துக்கரைப் புளியமரத்தில் கட்டினேன். தொட வேண்டிய உயரத்தில் ஒரு சிவப்புத் துணியையும் முடிந்துவைத்தேன்.

வெறும் கைப்பலத்தில் ஏறப் பார்ப்பார். கால்கள் கீழே ஆடிக்கொண்டிருக்கும். பாதியில் நின்று, வழுக்கி வந்துவிடுவார்.

"எப்படிடா மாப்ள ஏறுற?"

"ஏறுறேன், அம்புட்டுத்தான்."

"அதத்தான்டா கேக்குறேன். கால என்ன செய்யுற?"

அன்றைக்குத்தான் என் காலை நான் முதன்முதலாகக் கவனித்தேன். கவனித்துக்கொண்டே ஏறியதில் எனக்கே வழுக்கியது. மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். எருமைக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, பேசாம நீயே அவன் பேருல போயி ஏறிட்டு வந்துரேன். மேட்சுல அடுத்தவன் பேருல ஆடுனவந்தான நீ."

"ஆமா, இவன விட்டுருவாங்க. பத்தாவது பெயிலுன்னு மூஞ்சியிலயே ஒட்டியிருக்கு" என்றார் மச்சான்.

மச்சானின் உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போனது. கடைசி வாரத்தில் ஒருநாள் துணிக்கு ஒரு கை கீழே நின்று, கால்களால் கயிற்றைக் கவ்வி, செத்த நேரம் மூச்சு வாங்கி, ஒரே எட்டில் துணியைத் தொட்டுவிட்டார். ஒரே ஒரு தடவைதான். ஆனால் தொட்டார்.

தேர்வு அன்று மைதானத்துச் சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் தேறினார், தாண்டுதலிலும் தேறினார். கயிற்றில் ஏறி, புளியமரத்தில் நின்றது போலவே, எல்லைக்கு ஒரு கை கீழே நின்றார். கால் கவ்வியிருந்தது. மூச்சு வாங்குகிறார், அடுத்து எட்டுவார் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது பக்கத்தில் அடுத்த வரிசையை ஓடச்சொல்லி யாரோ விசில் ஊதினார்கள். மச்சானின் இரண்டு கையும் திறந்தன. மணலில் வந்து விழுந்தார். எழுந்து மேலே பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். இன்னொரு வாய்ப்பும் கொடுத்தார்கள். அதில் பாதியைத் தாண்டவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது சொன்னார்.

"விசில் கேட்டுச்சு மாப்ள."

"அது ஒனக்கு ஊதல மச்சான்."

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியலயே."

விசில் கேட்டிருக்காவிட்டால் தொட்டிருப்பாரா என்று பல ஊர்களில், பல வேலைகளுக்கு நடுவில் யோசித்திருக்கிறேன். திருப்பூரில் ஒரு கொத்தனார், கீழிருந்து வீசும் செங்கல்லை மாடியில் நின்று பூப்போல வாங்குவார், சைக்கிள் ஓட்ட வராது. ஓசூரில் லாரிக்குச் சாய்த்த பலகை மேல் மூட்டையோடு ஓடுகிற ஒருவருக்குத் தண்ணீரில் இறங்கினால் கைகால் ஓடாது. யாருக்கு எது வரும் என்பதற்கு ஒரு கணக்கும் இல்லை. கயிறேறத் தெரிந்தவனுக்குப் பத்தாவது இல்லை, பத்தாவது முடித்தவருக்குக் கயிறு வரவில்லை. அதில் வருத்தப்பட்டுக்கொண்டிருக்கவும் அலுத்துவிட்டது. மச்சான் மேலும் சில வருடம் பஞ்சைச் சுவாசித்துவிட்டு, நெஞ்சு தாங்காமல் மில்லை விட்டு இந்தக் கடையைப் போட்டார்.

போன ஆடியில் லோடோடு அந்த வழியாகப் போனேன். காற்றில் தார்ப்பாய் படபடத்துக்கொண்டிருந்தது.

"மாப்ள, அந்தக் கயித்தச் செத்த இழுத்துக் கட்டிட்டுப் போ. எனக்கு எட்டாது."

கம்பத்தில் ஏறினேன். முழங்கால் முன்பு போல் இல்லை, இரண்டு இடத்தில் நின்றுதான் ஏற முடிந்தது. மேலே இருந்தபடி கயிற்றின் சொரசொரப்பான பாதியை முடிந்துகொண்டிருந்தேன். கீழே மச்சான் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கை மட்டும் தனியாகக் கூண்டுக்குள் போய் ஒரு கோழியின் காலைப் பிடித்தது. சரியாக அந்த நேரம், எதிரே நின்ற பழனி பஸ்ஸில் கண்டக்டர் நீளமாக விசில் ஊதினார். கோழி படபடவென்று சிறகடித்தது.

நான் முடிச்சை விட்டுவிட்டு அந்தக் கையைத்தான் பார்த்தேன். அது திறக்கவில்லை.