கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு வந்தவர்கள்

அஸ்தம்பட்டியில் எங்கள் ஆலோசனை மையம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. என் அறை ஜன்னலைத் திறந்தால் ஏற்காடு மலை தெரியும். மழை மாதங்களில் காலையில் இருக்கும், பதினோரு மணிக்குக் காணாமல் போகும், மத்தியானம் ஒன்றும் தெரியாததுபோல மறுபடி வந்து நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேசாமல் இருந்தால் நான் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பேசாதவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. ஆலோசகருக்கு இருக்கக் கூடாத குணம்தான், என்ன செய்வது, வாய்த்துவிட்டது.

அந்தப் பெண் பேசாதவள். திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர், இன்ஜினியரிங் முதல் வருடம். இரண்டு பாடங்களில் தோற்றதும் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் சாப்பாட்டைக் குறைத்தாள், அப்புறம் பேச்சை. அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘நான் இருக்க வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதியிருந்ததை அம்மா பார்த்துவிட்டார். அந்த வாரமே அவளை எங்களிடம் கூட்டிவந்தார். டாக்டரிடமும் காட்டினோம், மாத்திரையும் ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் இரண்டு பஸ் மாறி அம்மாவும் மகளும் வந்துவிடுவார்கள்.

ஊரில் சொன்ன கதை வேறு.

“கண்ணாஸ்பத்திரிக்குப் போறமுன்னு சொல்லீருக்கறனுங்க மேடம். மனசு செரியில்லைன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாளைக்கு ஒரு நல்லது கெட்டது வேண்டாமுங்களா?” என்றார் அம்மா.

சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று பவர் இல்லாத கண்ணாடி ஒன்று வாங்கி மகளுக்கு மாட்டியும் விட்டிருந்தார். கறுப்பு பிரேம், முகத்துக்குப் பெரிது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அந்தப் பெண் அதைக் கழற்றவும் மாட்டாள், ஒன்றும் சொல்லவும் மாட்டாள்.

அப்பா ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே எங்கேயோ போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வருவது வருடத்தில் இரண்டு தடவை. அவரிடமும் கண் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். தினமும் மத்தியானம் கூப்பிடுவார். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது உள்ளேவரை கேட்கும். அவர் குரலைவிட மெஷின் இரைச்சல்தான் அதிகம்.

“கண்ணு எப்புடி இருக்குது?” என்று அங்கிருந்து கத்துவார்.

“தேவலைங்க!” என்று இவர் கத்துவார். அவ்வளவுதான், போன் வைத்தாகிவிடும்.

“வண்டியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசச் சொல்லக் கூடாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குழி பாதியில இருக்கறப்ப நிறுத்த மாட்டாங்க மேடம். ராடு உள்ளயே மாட்டிக்குமுங்க. எங்க மாமனார் செத்தன்னைக்குப் போன் பண்ணுனப்பக்கூட, குழிய முடிச்சுப்போட்டுத்தான் கெளம்புனாருங்க.”

முதல் மூன்று வாரம் நான் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினேன். நாலாவது வாரம், கேள்வி பாதியில் இருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள். சுருக்கென்று கோபம் வந்தது. எழுப்பலாம் என்று எழுந்த நான், வாய் லேசாகத் திறந்து, கண்ணாடி மூக்கில் சரிந்து கிடந்த அந்த முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியை மட்டும் கழற்றி மேஜையில் வைத்தேன்.

அப்புறம் எல்லா வியாழக்கிழமையும் அப்படித்தான். வருவாள், நாற்காலியில் சாய்வாள், தூங்குவாள். ஃபேன் சுற்றும், திரைச்சீலை உள்ளே வந்து போகும், கீழே ஏற்காடு ரோட்டில் போகிற வண்டிச் சத்தம் ரொம்ப தூரத்தில் கேட்கும். மலை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து இல்லாமல் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோகும். தூங்குவது அவளா நானா என்றுகூடச் சில நாள் தோன்றியதுண்டு. “மேடம் லாட்ஜ் நடத்துறாங்க” என்று பக்கத்து அறையில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏன் இங்கே வந்து தூங்குகிறாள் என்பது அம்மாவிடம் பேசியபோதுதான் புரிந்தது. நோட்டைப் பார்த்த நாளிலிருந்து ராத்திரியெல்லாம் மகளின் காலைப் பிடித்துக்கொண்டேதான் அவர் படுக்கிறார். “அசைஞ்சாத் தெரியோணுமில்லீங்க” என்றார். மகளும் அசையாமல், தூங்காமல் கிடந்திருக்கிறாள். இத்தனை வாரமாக அந்த அம்மாவின் கண்ணை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. செக்கச்செவேலென்று இருந்தது. என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை அம்மாவையும் உள்ளே கூப்பிட்டேன். “நா எதுக்குங்க மேடம்?” என்று கூச்சப்பட்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். “நான் பார்த்துக்கொள்கிறேன், சும்மா சாய்ந்துகொள்ளுங்கள்” என்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, குறட்டை வந்துவிட்டது.

அன்றைக்கு மகள் தூங்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மலை அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அம்மாவின் மடியில் இருந்த போன் அடித்தது. அப்பாதான். நான் சோபாப் பக்கம் போனேன்.

“எழுப்பாதீங்க மேடம். தூங்கட்டும்.”

அவள் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது. போனை மெதுவாக எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். ஸ்பீக்கரில் மெஷின் இரைந்தது.

“அம்மா தூங்குதுங்கப்பா.”

“யாரு, எஞ்சாமியா? கேக்குல சாமி! கண்ணு எப்புடி இருக்குது?”

அவளும் அம்மாவைப்போல ‘தேவலைங்க’ என்று சொல்லி வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

“கண்ணு நல்லாத்தானுங்கப்பா இருக்குது. நாந்தான் நல்லா இல்லீங்க.”

“என்ன சாமி?”

“நா நல்லா இல்லீங்கப்பா!” என்று இந்தத் தடவை கத்தினாள். அம்மா புரண்டு படுத்தார், எழுந்திருக்கவில்லை.

அந்தப் பக்கம் அவர் யாரையோ பார்த்துச் சத்தம் போடுவது கேட்டது. “டேய், நிறுத்துங்கடா! நிறுத்துன்னா நிறுத்து!” இரைச்சல் தேய்ந்து தேய்ந்து நின்றுபோனது. என் அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

“குழி பாதியிலீங்களாப்பா?” என்று அவள் கேட்டாள்.

“குழி கெடக்குது. நீ சொல்லு சாமி.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் கதவைச் சாத்தாமல் வெளியே வந்து, அந்த அம்மா உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன்.