ஏழாம் நம்பர் இரும்பும் என் தென்காசி வாசமும்

விற்பனைப் பிரதிநிதி சோறு தின்ன மறந்தாலும் மறக்கலாம், "தெரியும் சார்" என்று சொல்ல மட்டும் மறக்கக் கூடாது. பையைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கிய அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குச் சீட்டாட்டம் பிடித்தால் நமக்கும் சீட்டு தெரியும். அவர் நாய் வளர்த்தால் நமக்கும் நாய் என்றால் உயிர். எழுபதுகளின் கடைசியில் தென்காசியில் பூச்சிமருந்து அடிக்கிற பம்பு விற்றுக்கொண்டிருந்த நான், கோல்ஃப் என்றால் தின்பதா தேய்ப்பதா என்று தெரியாமலே, "தெரியும் சார்" என்று சொன்னது அப்படித்தான்.

சொல்லாமல் என்ன செய்ய? செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு பெரிய தேயிலை எஸ்டேட். அதன் ஆர்டர் ஆடி முடிவதற்குள் வராவிட்டால் என்னை ராமநாதபுரத்துக்கு மாற்றிவிடுவதாகத் திருநெல்வேலி முதலாளி சொல்லிவிட்டார். என் மனைவி சரோஜாவுக்குத் தென்காசியில் டீச்சர் வேலை. குத்துக்கல்வலசையில் வீட்டுக்கு அஸ்திவாரமும் போட்டாயிற்று. "போறதுன்னா நீங்க போங்க. நானும் வீடும் இங்கனதான் இருப்போம்" என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

எஸ்டேட் நகர்ந்தது

எஸ்டேட் மேனேஜர் மலையாளி. நல்ல மனுஷர்தான், ஆனால் கோல்ஃப் கிறுக்கு. பங்களாவுக்குப் பின்னால் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டுப் புல் வளர்த்து, ஆறு குழி வெட்டி வைத்திருந்தார். மலைச்சரிவில் இடம் கொஞ்சம். மரத்தலை வைத்த மட்டையால் அடித்தால் பந்து நேரே தென்காசி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிவிடும் என்பதால், அங்கே இரும்புத்தலை மட்டைகள் மட்டும்தான். அவற்றுக்குப் பேரே இரும்பு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு.

பங்குனி வெயிலில் நானும் எங்கள் மெக்கானிக் செல்லையாவும் மாதிரிப் பம்பைச் சுமந்துகொண்டு போனோம். மேனேஜர் பம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோல்ஃப் தெரியுமோ?" என்றார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஏழாம் நம்பர் இரும்பை நீட்டினார்.

கடப்பாரையைப் பிடிக்கிற மாதிரி பிடித்து, வேல்கம்பு மாதிரி ஓங்கி, ஒரு போடு போட்டேன். இரும்பு பந்துக்கு ஒரு சாண் பின்னாலேயே மண்ணில் இறங்கியது. புல்லும் வேருமாக ஒரு பெரிய கட்டி பெயர்ந்து, பறந்து போய், தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் விழுந்தது. அவர்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "எடோ, பந்து அவிடத்தன்னே உண்டு. எஸ்டேட் மாத்திரம் கொஞ்சம் நகர்ந்து போயி."

குளத்தில் விவசாயம்

அவர் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால் தேவலை. மாறாக, ஒரு நிபந்தனை வைத்தார். கடைசிக் குழிக்கு முன்னால் ஒரு ஓடை குறுக்கே போகிறது. ஆடி முடிவதற்குள் வந்து, இந்தக் கரையில் நின்று அதே ஏழாம் நம்பரால் அடித்து, பந்தை அந்தக் கரையில் போட வேண்டும். போட்டால் பம்பைப் பற்றிப் பேசலாம். இரும்பையும் சில பந்துகளையும் கொடுத்து, ஒரு பாடமும் சொன்னார்: "பந்தை மேலே தூக்கறது இரும்பிண்டெ வேலை. நீ கீழ்நோக்கி அடி. முதல்ல பந்து, அப்புறம் மண்ணு. தலையை மட்டும் தூக்காதே."

தென்காசிக்கு வெளியே ஒரு குளம் வற்றிக் கிடந்தது. விடியற்காலையில் அங்கே போய் அடிக்க ஆரம்பித்தேன். எனக்கு முதலில் மண், அப்புறமும் மண். பந்து எப்போதாவது விருந்தாளி மாதிரி நடுவில் வந்து போகும். அடித்த இடத்தில் மறுபடி அடிக்க முடியாது, பள்ளமாகிவிடும். அதனால் ஓரடி தள்ளித் தள்ளி நின்றேன். ஒரு வாரத்தில் குளத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அழகாக வரிசை வரிசையாகக் குழி.

ராயகிரியிலிருந்து பம்பு ரிப்பேருக்கு வந்த விவசாயி ஒருவர், நான் குளத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கேயே வந்துவிட்டார். கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். இறங்கி வந்து ஒரு குழியில் விரலை விட்டு ஆழம் பார்த்தார். பிறகு பரிவோடு சொன்னார்: "குழியெல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு அண்ணாச்சி. ஆனா குளத்துல கடலை போட்டா தண்ணி வந்ததும் அழுகிப்போகும்லா."

எலுமிச்சம்பழம்

பந்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தென்காசிக் கடையில் கோல்ஃப் பந்து கேட்டால் நாப்தலீன் உருண்டையை எடுத்துக் கொடுத்தார்கள். நம் பக்கம் எலுமிச்சம்பழத்துக்குப் பஞ்சமா? பச்சைக் காயாகப் பார்த்து ஒரு பை வாங்கினேன். பந்தைவிட இதுதான் நல்ல வாத்தியார். சரியாகப் பட்டால் காய் முழுசாகப் பறக்கும். இரும்பின் விளிம்பு பட்டால் கத்தி வைத்த மாதிரி இரண்டாகப் பிளந்து, சாறு நேரே கண்ணுக்கு வரும். அந்த வைகாசி பூராவும் நான் அழுதுகொண்டேதான் இருந்தேன்.

பிளந்த எலுமிச்சம்பழம் ஒன்று வழியில் கிடந்தாலே நம் ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். குளம் பூராவும் கிடந்தால்? குளத்துப் பாதையில் நடமாட்டமே நின்றுபோனது. ஒருநாள் உரக்கடைக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்துவிட்டார். எத்தனையோ வருஷமாக எங்கள் பம்பைக் கடைக்குள் சேர்க்காதவர். அவர் பார்த்தது என்ன? விடியாத இருட்டு. சுற்றிலும் அறுபட்ட எலுமிச்சை. நடுவில் நான், கையில் இரும்பு, கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு, வாயில் ஓயாத முணுமுணுப்பு. நான் சொல்லிக்கொண்டிருந்தது "தலையைத் தூக்காதே, தலையைத் தூக்காதே" என்பதுதான். அவர் யாருடைய தலை என்று நினைத்தாரோ, செருப்பை விட்டுவிட்டு ஓடினார்.

மத்தியானம் வெற்றிலை பாக்குத் தட்டோடு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. செல்லையா காப்பி வாங்கி வந்தான், தொடவில்லை. குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "யாருக்கு வச்சியன்னு நான் கேக்கல அண்ணாச்சி. எனக்குன்னா, எடுக்கிறதுக்கு எத்தனை பம்பு வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அருவிக்கு அடியில்

உரக்கடையில் பம்பு நுழைந்தது. ஆனால் எஸ்டேட்டில் நுழையவில்லையே. ஆனி பிறந்துவிட்டது. இப்போது குறை எங்கே என்று எனக்கே தெரிந்தது. பந்து எங்கே போகிறது என்று பார்க்கிற ஆசையில், அடிப்பதற்கு முன்பே தலை மேலே வந்துவிடுகிறது. தலை வந்தால் தோள் வரும், தோள் வந்தால் இரும்பு வரும், பந்து மட்டும் கிடக்கும். குடுமியிருந்தால் கயிறு கட்டித் தலையைக் கீழே இழுத்துப் பிடிக்கலாம், அதற்கும் வழியில்லையே என்று சரோஜா வருத்தப்பட்டாள்.

சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. நானும் செல்லையாவும் ஐந்தருவிக்குப் போனோம். தண்ணீர் பிடரியில் விழுந்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, குளிரினால் அல்ல. அந்த அடிக்குக் கீழே எவனாவது தலையைத் தூக்க முடியுமா? இமயமலையைத் தூக்கலாம், தலையைத் தூக்க முடியாது. மறுநாளே இரும்போடு போய் நின்றேன். வாரக்கணக்கில் அருவிக்குள் நின்று வீசினேன். பக்கத்தில் குளித்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். இரும்போடு நிற்கிறவனுக்கு யார்தான் வழிவிட மாட்டார்கள்.

ஒருநாள் உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அந்தக் கையோடு வீசிவிட்டேன். இரும்பு வழுக்கி, அருவியைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. அது போன வேகத்தில் ஐந்து அருவியும் ஒரு கணம் ஆறாகப் பிரிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நம்பாதவர்கள் செல்லையாவைக் கேட்கலாம், அவன் என்னைவிட நன்றாகச் சொல்வான். இரும்பு அவன் காலடியில்தான் விழுந்தது. பொறுமையாக எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "அருவி அது பாட்டுக்குத்தான் விழுது அண்ணாச்சி. அதைப் போட்டு எதுக்கு அடிக்கிய?"

ஒரு சத்தம்

மறுபடி பந்து வாங்கி வர மேனேஜரிடம் ஆளனுப்பினேன். குளத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்ததால் கரையோரப் புல்லில் பந்தை வைத்தேன். சாரல் முகத்தில் அடித்தது. பிடரியில் அருவி விழுவதாக நினைத்துக்கொண்டு வீசினேன்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? புதுப் பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி ஒன்று. கையில் அதிர்ச்சி இல்லை, தோளில் வலி இல்லை. வெண்ணெயில் கத்தி போன மாதிரி இரும்பு போய்விட்டது. பந்து இருந்த இடத்துக்கு முன்னால் தோசை அகலத்துக்கு மெல்லிசாக ஒரு மண்சில்லு பெயர்ந்திருந்தது. முதலில் பந்து, அப்புறம் மண்! நிமிர்ந்து பார்த்தேன். பந்து பனைமரங்களுக்கு மேலே ஏறி, ஏறி, மேகத்துக்குள் போய்விட்டது. போன இடத்தில் மேகத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக ஒரு முழம் வெயில் இறங்கியது. செல்லையாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன்.

அவன் என் பிடியிலிருந்து மெதுவாக விலகிக் கேட்டான்: "இப்ப நெசமாவே அடிச்சியளா, இல்ல பந்து பயந்து தானாப் போயிட்டா?"

ஓடை

ஆடிக் கடைசியில் மலையேறினோம். ஓடை இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மேனேஜர், குடை பிடித்தபடி பங்களா சமையல்காரர், பம்போடு செல்லையா. எனக்கு அந்தக் கரை தெரியவில்லை, குத்துக்கல்வலசை அஸ்திவாரம்தான் தெரிந்தது. அடித்தேன். அதே சத்தம். பந்து ஓடைக்கு மேலே சாவகாசமாகப் போய், அந்தக் கரைப் புல்லில் குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

மேனேஜர் தன் இரும்பை எடுத்து அடித்தார். பந்து தண்ணீரில் விழுந்தது. இன்னொன்று அடித்தார். அதுவும் தண்ணீர். சமையல்காரர் செல்லையாவின் காதில் ஏதோ சொல்ல, அவன் முகம் வெளுத்து என்னிடம் வந்தான். "சோலி முடிஞ்சிது அண்ணாச்சி. அவரே இதுவரைக்கும் தாண்டினது இல்லையாம். அடுத்ததைத் தண்ணியில போடுங்க. ராமநாதபுரத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன்."

"இன்னொண்ணு அடி" என்றார் மேனேஜர், சிரிக்காமல்.

தப்பாக அடிக்க வேண்டும், அவ்வளவுதானே? நான் தப்பாக அடிப்பதில் பெரிய ஆள் அல்லவா? தலையைத் தூக்கினேன், உடம்பு கேட்கவில்லை, தூக்கிய தலை தானாகக் குனிந்துகொண்டது. பந்து தாண்டியது. அடுத்ததற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். தாண்டியது. ஒற்றைக் காலில் நின்று அடித்தேன். அது எல்லாவற்றையும்விட அழகாகத் தாண்டி, நேரே குழிக்குள் விழுந்தது. செல்லையா பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கத் தயாராகிவிட்டான்.

மேனேஜர் என் கிட்டே வந்தார். என் கையைப் பிடித்து, விரல்கள் இரும்பைப் பற்றியிருந்த விதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகமாக ஆகிவிட்டது. பிறகு சொன்னார்: "ஆர்டர்ல இன்னைக்கே கையொப்பிட்டுத் தராம். பக்ஷே, எண்டெ பந்து இந்த ஓடை தாண்டற வரைக்கும் எல்லா ஞாயிறும் நீ இவிட வரணும், படிப்பிக்கணும்."

அவர் ரிட்டயராகிக் கீழே இறங்கும் வரைக்கும் அந்தப் பந்து ஓடையைத் தாண்டவில்லை என்பதால், என்னைத் தென்காசியிலிருந்து யாராலும் மாற்ற முடியவில்லை, என் ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் மலைக்கு மாற்றலாகிப் போயின.