அந்தப் பிழை கருப்பையாவுடையது அல்ல

"மேடம், கருப்பையா சார் போயிட்டாரு."

மாட்டுத்தாவணியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது எங்கள் ஆய்வக உதவியாளர் தொலைபேசியில் இப்படிச் சொன்னார். "எங்க போயிட்டாரு? பத்து மணிக்கு எங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்கே" என்று கேட்டேன். மறுமுனையில் அவர் அழத் தொடங்கிய பிறகுதான் புரிந்தது. மேலூர் வீட்டில் குளித்துவிட்டு வந்தவர், சட்டையை மாட்டும்போதே சரிந்துவிட்டாராம். நாற்பத்தாறு வயது. அன்று காலையில்தான் எனக்கொரு வரைபடம் அனுப்பியிருந்தார். அதை நான் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

பன்னிரண்டு நாட்களாகின்றன. இந்தக் குறிப்பிலேயே இரண்டு முறை 'இருக்கிறார்' என்று எழுதி அடித்துவிட்டேன்.

இயற்பியல் துறையில் நாங்கள் பதினோரு ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தோம். தொலைதூர விண்மீன் திரள்கள் சிலவற்றின் நடுவில் பெரும் கருந்துளைகள் உள்ளன. அவற்றின் அருகிலிருந்து பீறிடும் எக்ஸ் கதிர்களையும் காமா கதிர்களையும் ஆராய்வதுதான் எங்கள் பணி. இந்தக் கதிர்கள் காற்றைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. ஆகவே விண்வெளித் தொலைநோக்கிகள் அனுப்பும் தரவைக் கணினியில் இறக்கிப் படிப்போம்.

ஒருமுறை அவருடைய அம்மா துறைக்கு வந்திருந்தார். வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்டவர்.

"தொலைநோக்கி எங்கடா?"

"மேல சுத்திக்கிட்டு இருக்கும்மா."

"அப்ப நீ இங்க உக்காந்து என்னத்தப் பாக்குற?"

"அது பாத்ததுல எது நெசம், எது பொய்யின்னு பாக்குறேன்."

அம்மா என் பக்கம் திரும்பி, "இதுக்கா தாயி இம்புட்டு வருசம் படிச்சான்?" என்றார். கருப்பையா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு விண்மீன் திரள் சில நிமிடங்களுக்குள் பல மடங்கு பிரகாசமானது என்று கட்டுரை வெளியிட்டோம். முதல் பெயர் அவருடையது. பாராட்டுகள் வந்தன. சில வாரங்கள் கழித்து, தரவை முதலிலிருந்து மறுபடி ஆராய்ந்தவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"மேடம், அந்த ஏற்றம் அங்க நடக்கல. சூரியன்லேர்ந்து வந்த துகள் கருவியில அடிச்சிருக்கு. அந்த நிமிசங்கள வெட்டாம விட்டுட்டோம்."

வெட்டாமல் விட்டவள் நான். தரவைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. நான் கொடுத்த கோப்பை நம்பித்தான் அவர் எழுதினார்.

"வேற யாரும் கண்டுபிடிக்கலயே. விட்டுருவோமே" என்றேன்.

"நாம கண்டுபிடிச்சிட்டோமே மேடம்."

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அவரே எழுதினார். அதில் 'எங்கள் பிழை' என்றுதான் இருந்தது. ஆனால் துறையில் பேச்சு அவர் மேல் மட்டும் திரும்பியது. கூலிக்குடும்பத்திலிருந்து வந்தவர் மீது பழிபோட எங்கள் ஆட்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. "அம்புட்டுத்தான் அவன் தரம்" என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

அந்த ஆண்டு பதவி உயர்வு எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லை. ஒருநாள் தாங்கமாட்டாமல், "நான் சொல்லிரவா?" என்று கேட்டேன்.

"எப்பச் சொல்லணும்னு தோணுதோ அப்பச் சொல்லுங்க. இப்ப இந்தப் புதுத் தரவப் பாருங்க" என்றார்.

அவர் கோபித்திருந்தால் அன்றே சொல்லியிருப்பேன் என்று பிறகு என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்த ஆண்டு சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே நினைத்தேன்.

துக்க வீட்டில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்மகன் எதோ தப்புப் பண்ணிட்டான்னு காலேசுல பேசிக்கிட்டாங்களாம்ல தாயி. என்ன தப்பு அது? கேட்டாலும் அவன் சொல்லவே இல்ல."

துறையினர் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"அது நான் பண்ண தப்பும்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.

துறைத் தலைவருக்கும் அந்த ஆய்விதழுக்கும் நடந்ததை எழுதி அனுப்பிவிட்டேன். கருப்பையாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். சாருடைய பொருள் ஏதாவது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும்படி அவர் மனைவி சொன்னார். எதையும் எடுக்க மனம் வரவில்லை. கருப்பையா எனக்குத் தந்ததென்று என்னிடம் இருப்பது ஐந்து ஆண்டு அவகாசம் மட்டுமே. அவர் உயிரோடு இருந்தவரை அதில் ஒரு நாளைக்கூட நான் பயன்படுத்தவில்லை.