ஊறுகாய் ஜாடிக்குள் கடல்

எங்கள் துறைத் தலைவர் உயிர் போவதற்கு முன்பே பாடை கட்டுகிற ஆள். கடல் குதிரை வளர்க்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றே, விலங்கியல் ஆய்வுக்கூட அலமாரியில் ஒரு காலிப் புட்டியை எடுத்து வைத்து, "கடல் குதிரை, தொண்டி" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டார். முத்து முத்தான எழுத்து. "செத்ததும் கொண்டாங்க, பார்மலின் ஊத்திக்கலாம்" என்றார். பக்கத்தில் ஏற்கெனவே மூன்று புட்டிகள் இருந்தன. மூன்றிலும் நான் வளர்க்கிறேன் என்று கொண்டுவந்து கொன்ற கடல் மீன்கள்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கடல் மீன் வளர்ப்பேன் என்று ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் சொன்னால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? முதல் முறை கடல் தண்ணீரைப் பளபளவென்று தேய்த்த பித்தளைக் குடத்தில் சேமித்து வைத்தேன். பித்தளையில் இருக்கும் செம்பு கடல் உயிர்களுக்கு விஷம் என்று புத்தகத்தில் படித்திருந்தேன், பரீட்சையிலும் எழுதியிருந்தேன். குடத்தைப் பார்த்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

கடல் குதிரையைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர். தொண்டிக்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனால் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பெரிய பிளாஸ்டிக் கேனில் கடல் தண்ணீரோடு வருவார். அன்று கேனுக்குள், கடல் புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, விரல் நீளத்தில் ஒன்று நின்றது. "மச்சான் வலையில வந்துச்சு. இதுதாம்மா கடைசி. இதுவும் செத்துச்சுன்னா என்னையக் கேக்காதீக. உசுரு பாவம்" என்றார். அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. இது பிழைக்காவிட்டால் இனிமேல் எதையும் வளர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

நான் அப்போது ஓர் ஆச்சியின் பெரிய வீட்டில், முற்றத்தை ஒட்டிய உள்கட்டில் ஓர் அறையில் குடியிருந்தேன். ஆச்சிக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் பினாங்கில், மகன் சென்னையில். ஆச்சிக்குத் துணை சமையற்காரம்மாவும் ஓர் அறை நிறையப் பாத்திரங்களும். இரும்புக் கரண்டிகூட அந்த வீட்டில் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். நான் கேட்டதும் ஆச்சி நீலப்பூ போட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பர்மாவிலிருந்து வந்தது, பத்திரம் என்று மூன்று முறை சொன்னார்.

கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது. நாள் முழுக்கத் தின்றுகொண்டே இருக்க வேண்டும், அதுவும் உயிரோடு நீந்துவதைத்தான் தின்னும். அட்டெண்டர் கொண்டுவந்த கடல் புல்லைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கடுகில் கால்வாசிகூட இல்லாத இறால் இனத்துப் பூச்சிகள் அதில் துள்ளுவதைக் கண்டேன். கடல் குதிரை இருந்த கண்ணாடித் தொட்டியிலேயே புல்லைப் போட்டால் இரண்டே நாளில் எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிடும். தின்பவனிடமிருந்து தள்ளி, அவை பெருகுவதற்கு ஓர் அடைக்கலம் வேண்டும்.

ஆகவே முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில், உயரமான முக்காலியின் மேல் ஜாடி. அதில் கடல் புல், பாசி, கொஞ்சம் கடல் சேறு. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றைக் கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கி ஜாடியில் பொருத்தினேன். தண்ணீர் பூச்சிகளோடு சொட்டுச் சொட்டாகப் பெஞ்சின் மேலிருந்த கண்ணாடித் தொட்டியில் இறங்கும். தொட்டியில் மிஞ்சியது கீழே தரையில் இனாமல் பேசினுக்குள் விழும். பேசினில் மணலும் கிளிஞ்சலும் போட்டிருந்தேன், கசடு அங்கே தங்கும். தெளிந்த தண்ணீரைக் காலையிலும் மாலையிலும் செம்பு கலக்காத குவளையால் மொண்டு மறுபடி ஜாடிக்கு ஏற்றுவேன். மோட்டார் கிடையாது, கரண்ட் போனாலும் கவலையில்லை.

பத்து நாள் பிழைத்தது. மூன்றாவது வாரம் அதன் வயிறு உப்பத் தொடங்கியது. ஆண் கடல் குதிரை. பெண் இட்ட முட்டைகளை வயிற்றுப் பையில் சுமப்பது ஆண்தான். வலையில் சிக்கியபோதே சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தச் சமயம் பார்த்து, சிவகங்கைக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போக வேண்டியதாயிற்று. இரண்டு நாள்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

அதே நாட்களில்தான் ஆச்சி தன் மகன் கல்யாணத்துக்காக வீட்டைச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்தார்.

நான் திரும்பியபோது ஜாடி வெள்ளை வெளேரென்று நின்றது. நீலப்பூக்கள் புதிதாகப் பூத்த மாதிரி இருந்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, இரண்டு கை கல் உப்பும் போட்டிருந்தார்கள்.

"வாங்க டீச்சர். ஜாடிக்குள்ள ஒரே பாசி, நாத்தம் வேற. பாவம், படிக்கிற புள்ள, உங்களுக்கு எங்க நேரம்னு நானே நின்னு வெளக்க வச்சேன்" என்றார் ஆச்சி, முகமெல்லாம் பெருமையாக.

"யாரைக் கேட்டுத் தொட்டீக?" என்று கத்தினேன். வீட்டுக்காரரிடம், அதுவும் கல்யாண வீட்டில். எனக்குக் கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று தெரியாது. கத்திக்கொண்டே அழுதேன் என்பதுதான் இன்னும் வெட்கம்.

நல்ல வேளையாக, குழாயையும் கழற்றிக் கழுவி ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதனால் உப்புப் போட்ட கிணற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கவில்லை. ஆனால் இரண்டு நாளாகச் சாப்பாடும் இறங்கவில்லை. கடல் குதிரை ஒரு குச்சியில் வாலைச் சுற்றிக்கொண்டு தலையைத் தொங்கவிட்டிருந்தது.

ஆச்சி தொட்டியருகே குனிந்து பார்த்தார். "அதுக்கு ஏன் வயிறு அப்படி இருக்கு?"

"மாசமா இருக்கு ஆச்சி. அது ஆம்பளை. இந்தச் சாதியில ஆம்பளைதான் சுமக்கும்."

ஆச்சி என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். "கடலுக்குள்ளயாவது நாயம் இருக்கே!" என்று சொல்லிவிட்டு, மறுகணமே முகம் வாடினார். "அப்ப மாசமா இருக்கிற உசுரையா நான் பட்டினி போட்டுட்டேன்?"

ஜாடியில் இருந்ததை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். கொல்லையில் வாழைக்கு அடியில் என்றார் சமையற்காரம்மா. ஓடினோம். ஆச்சியும் கண்டாங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்து, வாழைச்சருகுகளுக்கு அடியிலிருந்து அந்தச் சகதியை இரண்டு கைகளாலும் அள்ளினார். நிழலில் கிடந்ததால் உள்ளே ஈரம் காயவில்லை. ஜாடியைக் காலி செய்து, பேசினிலிருந்த கடல் தண்ணீரை ஊற்றி அதில் அலசினேன். பூதக்கண்ணாடியில் வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒன்று துள்ளியது. தள்ளி இன்னும் இரண்டு.

அன்று மாலை குழாயைத் திறந்துவிட்டு இருவரும் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தோம். சொட்டு விழ விழ, ஒருமுறை கடல் குதிரையின் தலை வெடுக்கென்று அசைந்தது. "தின்னுருச்சு!" என்று ஆச்சி என் தொடையில் ஓங்கித் தட்டினார். எனக்கு வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த ஜாடி என்னுடையதாக இல்லை. காலையில் காபி குடித்ததும் தண்ணீர் மொண்டு ஏற்றுவது ஆச்சி. கல்யாணத்துக்கு வந்த பெண்கள், இவ்வளவு சுத்தமான வீட்டில் இப்படிப் பாசி பிடித்த ஜாடியா என்று முகம் சுளித்தால், "கையை வச்சீகன்னா தெரியும் சேதி! இங்குட்டு வாங்க, ஒரு அதிசயம் காட்டுறேன்" என்று தொட்டிக்கு இழுத்துப் போவார். பெண்கள் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினார்கள். ஆண்கள் அதிக நேரம் நிற்கவில்லை.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் ஆச்சி என் கதவைத் தட்டினார். தொட்டிக்குள் கடல் குதிரை உடம்பை மடக்கி மடக்கி நிமிர்த்தியது. ஒவ்வொரு முறையும் நூல் துணுக்குகள் போலக் குட்டிகள் தெறித்து வந்தன. அத்தனையும் தகப்பனின் வார்ப்பு. அறுபது வரை எண்ணி விட்டுவிட்டேன். ஆச்சி பெரிய தாம்பாளத்தில் சீனி எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார்.

இத்தனை வயிறுகளுக்கு ஒரு ஜாடி போதாது. அன்றைக்கே அட்டெண்டரோடு கேனை மடியில் வைத்துக்கொண்டு தொண்டிக்கு பஸ் ஏறினேன். கடல் புல் வளர்ந்திருந்த இடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று கேனைச் சாய்த்தோம். தகப்பனும் போனது. அட்டெண்டர் கேனைக் கவிழ்த்து உதறி, ஒன்றும் மிச்சமில்லை என்று உறுதிசெய்துகொண்டு, "அடுத்த வாரம் வேற கொண்டாரவாம்மா?" என்று கேட்டார்.

துறைத் தலைவர் சீட்டைக் கிழிக்கவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களை நானும் கிழிக்க விடவில்லை. நான் ஓய்வுபெற்ற நாளில் அலமாரியைத் திறந்து பார்த்தேன். எழுத்து மங்கியிருந்தது, புட்டி காலியாகவே இருந்தது. பேராசிரியர் பதவியெல்லாம் எனக்குப் பிற்பாடு வந்தது. ஆனால் அந்தக் கல்லூரியில் நான் என்ன செய்தேன் என்று யாராவது கேட்டால், அந்தக் காலிப் புட்டியைத்தான் காட்டுவேன்.