ரஜனியின் ட்ரக்குக்கு ஒரு வின்ச்

வியாழன், பிற்பகல்.

நோர்வேயின் பேர்கன் நகரத்திலிருந்து புறப்பட்டு ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். மே மாதக் கடைசி. தம்பி குகன் வேலை உடுப்போடேயே விமான நிலையத்துக்கு வந்திருந்தான். வீடுகளுக்குக் குளிரூட்டி பூட்டுவது அவனுடைய தொழில். பெட்டியை வாங்கி வான் வண்டிக்குள் வைத்துவிட்டு, "அக்கா, களைப்போ?" என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது.

"அப்ப நேரே வீட்டை போகேல்லை. லின்ட்சேக்குப் போய் ஒரு சாமான் ஏத்தவேணும்."

"என்ன சாமான்?"

"இரும்பு. உங்கட மச்சாளைக் கேளுங்கோ."

மச்சாள் என்றது அவனுடைய மனைவி ரஜனியை. அவள் எனக்கு முன் இருக்கையை விட்டுவிட்டு, பின்னால் சங்கிலிகளுக்கும் மரக்கட்டைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். மார்க்கம் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் பல் துப்புரவு செய்யும் வேலை அவளுக்கு. மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு பின்னேர வகுப்பில் வெல்டிங் படிக்கப் போனவள், அது முடிந்த கையோடு ஐம்பதுகளில் செய்யப்பட்ட ஒரு நீல நிற ட்ரக்கை வாங்கி வந்துவிட்டாள். நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. அன்றிலிருந்து குகனுடைய கார் வெளியில்தான் நிற்கிறது, பனியிலும்.

"வின்ச் மச்சாள்," என்றாள் ரஜனி. "என்ர ட்ரக்கில முன்னுக்கு இருந்திருக்கு. ஆரோ கழட்டி வித்துப்போட்டினம். ரெண்டு வருசமாத் தேடுறன்."

வின்ச் என்பது கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி. ட்ரக்கின் முன் பம்பரோடு சேர்த்துப் பூட்டுவார்கள். சேற்றில் புதைந்த வண்டியை, பாதையில் விழுந்த மரத்தை எல்லாம் இழுத்தெடுக்கும். இப்போது வருபவை மின்சாரத்தில் ஓடுகின்றன. ரஜனிக்கு வேண்டியது பழைய வகை. கியர்பெட்டியின் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட தண்டு எஞ்சினுக்குக் கீழால் முன்னுக்கு வந்து அதைச் சுழற்றும்.

401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து, அஜக்ஸைத் தாண்டி, வடக்கே திரும்பினோம். விமான நிலையத்திலிருந்து லின்ட்சேக்கு ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர். கடைசி முப்பதும் வெறும் வயல். டக் என்ற உயரமான வெள்ளைக்காரக் கிழவர் தானியக் கொட்டகையைத் திறந்து காட்டினார். மரத்தட்டின்மேல் கிடந்தது வின்ச். ஓர் இரும்பு உருளை, அதன் ஒரு முனையில் பூசணிக்காய் அளவில் ஒரு பற்சக்கரப் பெட்டி, மேலெல்லாம் தடித்த மஞ்சள் பெயின்ற். பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு துளைகள் மட்டும்.

"உங்கள் ட்ரக் போன்ற ஒன்றிலிருந்துதான் கழற்றினேன். கழற்றி முப்பது வருசம் இருக்கும்," என்றார் டக். பாரி என்ற ஊரிலிருந்து இன்னொருவரும் கேட்டிருக்கிறாராம். "பொருந்தாவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டுவந்து தாருங்கள். காசைத் திருப்பித் தருவேன். ஆனால் பெட்டியைத் திறந்திருக்கக்கூடாது."

ட்ராக்டரால் தூக்கி வானுக்குள் வைத்தார். வான் பின்பக்கம் பதிந்தது. அஜக்ஸில் அவர்களுடைய வீட்டுக்கு வந்து சேரும்வரை ரஜனி திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளி, காலை.

ரஜனி லீவு போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு பண்ணையில் பழைய வாகனங்கள் கூடும் நாள். அங்கே ட்ரக்கை வின்ச்சோடு கொண்டுபோகவேண்டும் என்பது அவளுடைய ஆசை. போன வருடம் ஒருவர் பம்பரில் இருந்த வெறும் இடைவெளியைக் காட்டி, "பல் விழுந்துவிட்டதோ?" என்று கேட்டிருக்கிறார். பல் துப்புரவு செய்பவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது?

குகன் சில்லுப் பலகையில் படுத்து ட்ரக்குக்குக் கீழே போனான். நான் ரோச் வெளிச்சம் பிடித்தேன். பிறகு அவனுடைய குரல் மட்டும் வந்தது.

"ரஜனி, உது சரிவராது."

"ஏன்?"

"உம்மட ட்ரக்கில தண்டு இடப்பக்கத்தால வருது. உந்த வின்ச்சில பெட்டி வலப்பக்கம். ரெண்டும் சந்திக்காது. டக்குக்குப் போன் அடியும், நாளைக்குக் கொண்டுபோய்க் குடுப்பம்."

உள்ளே போன ரஜனி ஒரு சின்னப் பையோடு வந்தாள். அதற்குள் வேலையிடத்தில் தேய்ந்துபோனதென்று ஒதுக்கிய பல் சுரண்டும் கருவிகள். வின்ச்சுக்கு முன்னால் ஸ்ரூலைப் போட்டு உட்கார்ந்து, மஞ்சள் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினாள். மஞ்சளுக்குக் கீழே செம்மஞ்சள், அதற்குக் கீழே கடும்பச்சை. மூன்று எசமான்களிடம் வேலை செய்த இரும்பு. நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோது வாயைத் திறக்கச் சொல்லாத குறையாகக் குனிந்திருந்தாள்.

"மச்சாள், இஞ்ச பாருங்கோ."

பெட்டியின் அடிப்பக்கத்தில் எழுத்துகள் தெரிந்தன. சில இலக்கங்கள் இரும்போடு சேர்ந்து புடைத்து நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில R. அது மட்டும் புடைக்கவில்லை, உள்ளே பதிந்திருந்தது.

"புடைச்சு நிக்கிறது இரும்பை வார்க்கேக்க வந்தது. இந்த வகைப் பெட்டி எல்லாத்திலயும் இருக்கும்," என்றாள். "R பிறகு கையால குத்தினது. வலப்பக்கம் எண்டு அர்த்தம். விளங்குதோ? பெட்டி ரெண்டு பக்கத்துக்கும் ஒண்டுதான். பூட்டினபிறகுதான் பக்கம் குத்தியிருக்கிறாங்கள்."

இலக்கங்களைப் படமெடுத்து, பழைய ட்ரக் வைத்திருப்பவர்களின் இணையக் குழுவில் போட்டாள். மத்தியானச் சோறு முடிவதற்குள் நான்கு பேர் பதில் எழுதிவிட்டார்கள். வின்ச் அவளுடைய ட்ரக்கின் காலத்ததுதான், அதே வகைதான். மூன்று பேர், இடப்பக்கத்து வின்ச் ஒன்று தேடிக்கொள்ளச் சொன்னார்கள். நான்காமவர், பெட்டி இடப்பக்கம் வரும்படி வின்ச்சை முன்பின்னாகத் திருப்பிவைத்து, உள்ளே பற்சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குத் தண்டைக் கழற்றி மறுபக்கமாகப் போடலாம் என்று நினைப்பதாக எழுதியிருந்தார். செய்து பார்த்ததில்லையாம்.

"நினைக்கிறாராம்," என்றான் குகன். "திறந்தால் டக் திருப்பி எடுக்கமாட்டார். உள்ளுக்கு என்ன கிடக்கோ தெரியாது."

ரஜனி பெட்டியின் முன் மூடியிலும் பின் மூடியிலும் திருகாணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியை அளந்தாள். இரண்டும் ஒன்று, மாற்றிப் பூட்டலாம். மறுபடியும் அளந்தாள். பிறகு ஸ்ரூலில் இருந்தபடியே கணவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, நான் திறக்கப்போறன்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு சரியான அளவு ஸ்பனரைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினான்.

கரி நிறத்தில் எண்ணெய் கொட்டியது. கந்தக நாற்றம் கராஜ் முழுக்க. மூடியைக் கழற்றித் துடைத்ததும், உள்ளே வெண்கலப் பற்சக்கரம் பொன் போல மின்னியது. ரஜனி பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை விட்டு ஒவ்வொரு பல்லாகச் சுற்றிப் பார்த்தாள்.

"ஒரு பல்லிலயும் சூத்தை இல்லை," என்றாள்.

சனி.

எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் இரண்டும் வெடித்திருந்தன. ஸ்காபரோவில் ஒரு கடையில் அளந்து பார்த்துப் புதியவை தந்தார்கள், ஒன்று பதினொரு டொலர். அப்படியே பக்கத்துக் கடையில் ரோல்ஸும் பற்றிஸும் வாங்கினோம். கராஜில் இருந்து சாப்பிட்ட எதற்கும் எண்ணெய் வாசனை.

முறுக்குத் தண்டைத் திருப்பிப் போடுவதில் மர்மம் எதுவும் இருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போய் இருந்தது. கஷ்டப்படுத்தியது வெளி வேலைதான். வின்ச்சைச் சங்கிலியில் தொங்கவிட்டு, குகன் தள்ள, நான் மரக்கட்டை வைக்க, ரஜனி துளை வழியாகப் பார்த்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ கூடிப்போச்சு" என்று கத்த, மூன்று ஆணிகள் இறங்கின. நான்காவது இறங்கவில்லை. வின்ச்சின் காலில் இருந்த துளையை அரத்தால் ராவி ராவிப் பெருப்பித்தாள். ட்ரக்கின் துளையைத் தொட அவளுக்கு மனமில்லை.

கடைசியாகத் தண்டு வின்ச்சைச் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன ஆணியைப் போட்டாள். பாரம் கூடினால் இதுதான் முதலில் உடையும். உடைந்து, மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். அதனால் மெல்லிய இரும்பில் செய்ததையே போடவேண்டுமாம். கூடுதலாக இரண்டை மேலுடுப்புப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எஞ்சினை இயக்கி, வின்ச்சைச் சுழலவிடும் நெம்பைத் தள்ளினாள். உருளை மெதுவாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. குகன் கை தட்டினான். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியும் வேலிக்கு மேலால் கை தட்டினார்கள்.

ஞாயிறு.

மழை. ட்ரக்கின் ஒற்றை இருக்கையில் மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்து, புரொக் வீதியால் வடக்கே நாற்பது கிலோமீற்றர் போனோம். வேகம் எழுபதுக்கு மேல் போகவில்லை. முந்திப்போனவர்கள் எல்லோரும் ஹோர்ன் அடித்துக் கை காட்டினார்கள். கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

பண்ணைக்குள் நுழைந்து சரளைப் பாதையில் நிறுத்தினோம். போன வருடம் பல்லைப் பற்றிக் கேட்டவர் அன்று வரவில்லை. ரஜனிக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். பத்து மணிபோல, கீழ்ப்பக்கப் புல்வெளியில் ஒரு பெண் கை ஆட்டிக் கூப்பிட்டாள். ஜோவன் என்று பெயர். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு குதிரையைக் கொண்டுவந்தவள். குதிரை ஏற்றிய இழுவைப் பெட்டியும் அதை இழுத்த புத்தம்புதிய பிக்கப்பும் அச்சுவரை சேற்றில் புதைந்திருந்தன. பண்ணையின் ட்ராக்டர் வாசலில் வேறு கார்களை இழுத்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் குதிரை தகரத்தை உதைக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"விழுந்தால் காலை உடைத்துக்கொள்ளும்," என்றாள் ஜோவன்.

ரஜனி ட்ரக்கைச் சரளையில் நேராக நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கட்டை வைத்தாள். குதிரையை முதலில் இறக்கவேண்டும். ஜோவன் அதை மெதுவாக இறக்கி, மேட்டுக்கு நடத்திக்கொண்டு வந்து, கயிற்றைப் பக்கத்தில் நின்ற ஆளின் கையில் கொடுத்துவிட்டு பிக்கப்புக்குள் ஏற ஓடினாள். அந்த ஆள் குகன்.

"அக்கா, எனக்குக் குதிரை எண்டால் பயம்."

"பிடிச்சுக்கொண்டு நில்."

கம்பிவடத்தை இழுத்துக்கொண்டு போய் பிக்கப்பில் கொளுவினோம். அறுந்தால் யாருக்கும் அடிக்காமல் இருக்க அதன் நடுவில் ஒரு தடித்த போர்வையைப் போட்டு, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள் ரஜனி. நெம்பைத் தள்ளினாள். வடம் விறைத்தது. ட்ரக்கின் மூக்குத் தாழ்ந்தது. பிறகு "டிக்" என்று ஒரு சத்தம். உருளை நின்றுவிட்டது.

கூடியிருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள். ரஜனி சிரித்தாள். "ஆணிதான். சரியாத்தான் வேலை செய்யுது." பிறகு பிக்கப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் கத்தினாள். "கை பிரேக்கை எடுத்துவிட்டீர்களா?"

எடுக்கவில்லை. ஜோவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

ரஜனி சேற்றில் படுத்து, பையில் இருந்த புதிய ஆணியைப் போட்டாள். இரண்டாம் முறை நெம்பைத் தள்ளியபோது சேறு பெரிய சத்தத்தோடு சில்லுகளை விட்டது. பிக்கப்பும், அதன் பின்னால் வெறும் பெட்டியும், ஒரு நடைவேகத்தில் மேடேறி வந்தன. எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரத்தில் குதிரை வெருண்டு தலையை உயர்த்தியது. குகன் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் கயிற்றை விடாமல், "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, முடிஞ்சுது, முடிஞ்சுது," என்று தமிழில் கெஞ்சிக்கொண்டிருந்தான். குதிரை அவனுடைய தோளில் மூக்கை வைத்தது.

திங்கள், மாலை.

விமானம் ஒன்ராறியோ ஏரிக்கு மேலால் வளைந்தபோது, கீழே வீடுகள் வரிசை வரிசையாகத் தெரிந்தன. ரொறன்ரோவுக்கு நான் வந்தது இது நான்காவது தடவை. முந்திய மூன்றும் கலியாண வீடுகள். அப்போதெல்லாம் தம்பியையும் மச்சாளையும் பட்டுடுப்பில், படத்துக்கு நிற்கிற சிரிப்போடுதான் பார்த்தேன். திரும்பிப் போய் மண்டபம் எப்படி, சாப்பாடு எப்படி என்று சொல்லியிருக்கிறேன். இவர்கள் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

இந்த முறை நான் எந்த இடமும் பார்க்கவில்லை. ஆனால் ரஜனி வேலையில் மூழ்கினால் மெல்லிய விசில் அடிப்பாள் என்று தெரியும். என் தம்பி, நாற்பத்தெட்டு வயதில், நடுங்கிக்கொண்டே ஒரு குதிரையை அரைமணி நேரம் பிடித்து நிற்பான் என்றும் தெரியும்.