கொள்முதல் கொட்டகையில் படம் வரைந்தோம்

நர்ஸம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு, முள்ளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றேன். உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்டார். குறைத்தேன் என்று பொய் சொன்னேன்.

"அப்ப ஒண்ணு பண்ணுங்கம்மா. சனிக்கிழமை மத்தியானம் நெல் கொள்முதல் கொட்டகைக்கு வாங்க. படம் வரையிறோம்."

படம் வரைந்தால் ரத்தக்கொதிப்பு குறையும் என்று யாரோ ஒரு டாக்டர் வீடியோவில் பேசியதை அவர் கேட்டிருந்தார். எங்கள் ஊரில் கொதிப்பு உள்ளவர்களை எல்லாம் தேடிப் பிடித்து ஒரு குழு சேர்த்துவிட்டார். எனவே எங்கள் ஓவியக் குழுவில் சேரத் தேவையான ஒரே தகுதி கொதிப்பு. அது என்னிடம் தாராளமாக இருந்தது. தபால் ஆபீசில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள் நான். வட்டம் நன்றாக வரும், ஆனால் கையில் முத்திரைக் கட்டை வேண்டும்.

சம்பா நெல் மூட்டைகள் லாரியில் போய்ச் சேர்ந்தபின், குறுவை வரும்வரை கொள்முதல் கொட்டகை காலியாகத்தான் கிடக்கும். சிந்திய நெல்லைப் பொறுக்க வரும் புறாக்களும் ஏழெட்டுப் பேராக நாங்களும்தான் அங்கே. தகரக் கூரை. சித்திரை வெயில். இந்தச் சூட்டில் உட்கார்ந்தால் கொதிப்பு எப்படிக் குறையும் என்று நான் கேட்கவில்லை. நர்ஸம்மா ஊசி போடும் கையை உடையவர்.

முதல் நாள் ஒரு பித்தளைச் செம்பை நடுவில் வைத்து வரையச் சொன்னார். நான் வரைந்ததைப் பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "பூசணிக்காய் நல்லா வந்திருக்குங்க" என்றார். அவர் அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அவருடைய தாளில் செம்பு சுரைக்காயாக இருந்தது. அதன் பின்னால் பெரிதாக ஓர் அறுவடை மெஷினும் நின்றது. எதை வைத்தாலும் அவர் பின்னால் மெஷினை நிறுத்திவிடுவார். வாழைத்தாருக்குப் பின்னால் மெஷின், குத்துவிளக்குக்குப் பின்னால் மெஷின். ஏன் என்று நர்ஸம்மா கேட்டதற்கு, "அது மட்டும்தாங்க எனக்கு நல்லா வருது. நல்லா வர்றத ஏன் விடணும்?" என்றார். எனக்கும் நியாயமாகவே பட்டது.

மூன்றாவது வாரம் நான் எங்கள் வீட்டுப் பசுவை வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். குழுவில் ஒருவர் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எப்படிங்க?"

"முன்னங்கால் ரெண்டும் வீங்கியிருக்கே. வயிறு வேற உப்பலா இருக்கு. சாணி போடுதா?"

பசு நன்றாக இருக்கிறது, என் கைதான் அப்படி என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை சைக்கிளில் வந்து பசுவை நேரில் பார்த்த பிறகுதான் அவருக்கு மனம் சமாதானம் ஆயிற்று.

இவ்வளவு அவமானத்திற்குப் பிறகும் சனிக்கிழமை எப்போது வரும் என்று காத்திருந்தேன். காரணம் எளிது. எங்களில் ஒருவருக்கும் வரையத் தெரியாது. வேலையிலும் குடும்பத்திலும் ஏதாவது ஒன்றில் நம்மைவிடத் திறமைசாலி ஒருத்தி எப்போதும் பக்கத்தில் இருந்துகொண்டே இருப்பாள். அந்தக் கொட்டகையில் அப்படி யாரும் இல்லை. அந்த நிம்மதி எந்த மாத்திரையிலும் கிடைத்ததில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என் ஓரகத்தி உள்ளே வந்தார்.

என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். பத்து வீடு தள்ளிக் குடியிருக்கிறார். நாங்கள் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தபோது எனக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்தது. பத்து வீடு நடந்து வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாமல், அசையும் மாவிலையும் மின்னும் குத்துவிளக்கும் போட்ட ஒரு படத்தை அனுப்பியிருந்தார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அண்ணனும் தம்பியும் வழக்கம்போல தினமும் காலையில் ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். குடும்ப கௌரவத்தைக் காக்கும் பொறுப்பை எங்கள் இருவரிடம் விட்டுவிட்டார்கள்.

அவருக்கும் கொதிப்பாம். நர்ஸம்மா சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஒரு சின்ன திருப்தி. அவர் கிழக்கு மூலையில் உட்கார்ந்தார், நான் மேற்கு மூலையில். நாலு வாரம் இப்படியே போயிற்று. அவர் வரையும் செம்பு என்னுடையதைவிட மோசமாக இருந்தது என்பதைத் தூரத்தில் இருந்தே பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் நர்ஸம்மா, "இன்னைக்கி ஒருத்தர ஒருத்தர் பாத்து முகம் வரையப் போறோம்" என்று பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கினார். அவர் வெளியூர்க்காரர். எங்கள் குடும்ப வரலாறு அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை சொல்கிறார். என் சீட்டும் அக்காவின் சீட்டும் ஒன்றாக வந்தன. கொட்டகையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. அறுவடை மெஷின்காரர், "வேணும்னா நான் மாத்திக்கிறேங்க" என்றார். மாற்றிக்கொண்டிருந்தால் எங்களில் யாராவது ஒருத்தியின் பின்னால் மெஷின் நின்றிருக்கும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா, கூரையைப் பார்த்து.

"எனக்கும் ஒண்ணும் இல்ல," என்றேன், தரையைப் பார்த்து.

எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம். ஒருவர் முகத்தைப் பார்க்காமல் வரைய முடியாது என்பதுதான் இந்தக் கலையில் உள்ள கஷ்டம். ஆறு வருடமாகத் தெருவில் எதிரே வந்தால் வயலைப் பார்த்தபடி போயிருக்கிறேன். இப்போது பார்த்தேன். முன்நெற்றியில் முடி நன்றாகக் குறைந்திருந்தது. இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார் போல, அந்தக் கண்ணில் மட்டும் ஒரு பளபளப்பு. எப்போது ஆபரேஷன் நடந்தது? யார் கூட இருந்தார்கள்? என் கணவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

"மூக்க சொறியாத. மூக்குதான் போட்டுக்கிட்டிருக்கேன்."

ஆறு வருடம் கழித்து அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"அரிக்குது," என்றேன். அது என்னுடைய முதல் வார்த்தை.

மூக்கு முடிந்து வாய்க்கு வந்தார். பிறகு அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அப்ப எனக்கு முட்டிய மடக்க முடியாது. வீடு வீடா போக முடியல. எல்லாருக்கும்தான் போன்ல அனுப்பினேன்."

"நான் எல்லாருமாக்கா?"

அவர் ரப்பரை எடுத்து எதையோ அழித்தார். நானும் ஒரு வார்த்தை போன் செய்து கேட்டிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

நேரம் முடிந்து தாள்களை மாற்றிக்கொண்டோம். அக்கா வரைந்ததில் புருவம் நெரித்து, உதடு சுழித்து, யாரோடோ சண்டைக்குப் போகிற ஒரு பெண் இருந்தாள்.

"நான் இப்படியா இருக்கேன்?"

"ஆறு வருஷமா நான் பாத்தது இதத்தான்."

என் படத்தை அவர் கையில் வாங்கினார். முகம் மாறிற்று. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, இது நானாடி? அத்தைடி இது!"

எட்டிப் பார்த்தேன். அத்தையேதான். எங்கள் இருவரின் மாமியார், இறந்து பன்னிரண்டு வருடம் ஆனவர், என் தாளிலிருந்து எங்களை முறைத்துக்கொண்டிருந்தார். அதே இறுகிய தாடை, குழம்பில் புளி அதிகம் என்று சொல்லப் போகும் அதே வாய். நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். கை எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை. "இப்பக்கூட பாரு, ரெண்டு பேரும் இங்க என்ன வெட்டியா உக்காந்திருக்கீங்கன்னு கேக்குற மாதிரியே இருக்கு" என்றார் அக்கா. அவ்வளவுதான், இரண்டு பேரும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். புறாக்கள் பறந்து போயின. அன்று எங்கள் இருவருக்கும் கொதிப்பு ஏறியிருந்தது என்று நர்ஸம்மா நோட்டில் எழுதிக்கொண்டார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். அக்கா சிரிப்பதற்காக அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தன் கணவரிடம், அதாவது என் மூத்தாரிடம், காட்டினார். அவர் சிரிக்கவில்லை. பார்த்தபடியே நின்றவர் தம்பிக்குப் போன் செய்தார். என் கணவர் சட்டையைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். அத்தை இருந்தவரை போட்டோ எடுக்க விட்டதே இல்லை. கேமராவைக் கண்டால் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். வாக்காளர் அட்டையில் இருந்தது வெறும் கறுப்புத் திட்டு. திதிக்கு வைக்க ஒரு படம் இல்லையே என்று பிள்ளைகள் இருவருக்கும் வருடா வருடம் குறை. இப்போது கிடைத்துவிட்டது.

"அது நான்தாங்க. என் படம்," என்றாராம் அக்கா.

"உன்ன எவன் இப்படிப் போடுவான்? அம்மா கண்ணு அப்படியே இருக்கு," என்றாராம் மூத்தார்.

ஒரே வாரத்தில் ஒரத்தநாட்டில் கொடுத்துச் சட்டம் போட்டு, சந்தனப் பொட்டு வைத்து, அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். மாலை போடும்போது என் கணவர் கண் கலங்கினார். வாழ்நாளில் நான் செய்த எதையும் பார்த்து அவர் கலங்கியதில்லை. ஒரு கலைஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? அக்காவுக்குத்தான் கஷ்டம். அமாவாசைதோறும் தன் முகத்துக்குத் தானே சாம்பிராணி காட்ட வேண்டியதாயிற்று.

புரட்டாசியில் குறுவை நெல் வந்து கொட்டகையை மூட்டைகள் பிடித்துக்கொண்டன. மெஷின்காரர் உண்மையான மெஷினில் ஏறிப் போய்விட்டார். மீதிப் பேர் அக்கா வீட்டுக் கூடத்துக்கு மாறினோம். அங்கே ஒரு நாள் கேஸ் சிலிண்டர் போட வந்த ஆள் புதிது. மாலை போட்ட படத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார். அந்த நேரம் பார்த்து அக்கா சிலிண்டர் புத்தகத்தோடு உள்ளேயிருந்து வந்தார். அந்த ஆள் படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பழைய சிலிண்டரை எடுக்க மறந்து பாதித் தெரு போய்விட்டார்.

"இன்னைக்கே எனக்கு ஒழுங்கா ஒரு படம் போடு," என்றார் அக்கா. "உசுரோட இருக்கேன்னு தெரியணும். சிரிச்ச முகமா போடு."

உடனே உட்கார வைத்தேன். சிரியுங்கள் என்றேன். சிரித்தார். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு நடுங்க ஆரம்பித்தது.

"கன்னம் வலிக்குதுடி. எவ்வளவு நேரம்?"

"வாய் முடிஞ்சிருச்சு. கண்ணுதான் பாக்கி. பேசாம இருங்கக்கா."

"ஆறு வருஷம் பேசாம இருந்தது பத்தாதா உனக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் வைத்தது நினைவு வந்து எழுந்து ஓடினார்.